கேம்புக்கு வராதவங்க லிஸ்ட் இருக்கா?

கேள்வி: டாக்டர் மேடம், வணக்கம். விழுப்புரம் மாவட்டத்துல ஒரு ஊராட்சியில மகளிர் குழு கூட்டமைப்புக்கு நான் செயலாளர். போன ஆவணியில ஸ்கூல் கட்டடத்துல பிபி, சுகர், ரத்தசோகை பாக்கற கேம்ப் வச்சோம், 30 வயசுக்கு மேல 268 பேர் வந்தாங்க. வெளிநாட்டுல இருக்கற எங்க ஊர்க்காரர் ஒருத்தர் அத பாத்துட்டு 1,50,000 ரூபா தர்றேன், இன்னும் பெருசா நடத்துங்க, ஆனா என்ன பலன்னு ரிப்போர்ட் வேணும்னு சொல்லியிருக்கார். ஆனா எங்க நர்ஸம்மா ஒண்ணு சொன்னாங்க, அது மனசுல உறுத்துது. ஊர்ல 760 பேருல 212 பேர் வந்தாங்க, காலனில 310 பேருல 50 பேரு, இருளர் தெருவுல 80 பேருல ஆறே பேர்தான். பெரிய கேம்ப் வச்சா இது சரியாகுமா? சரியாச்சா இல்லையான்னு எப்படி கண்டுபுடிக்கறது?

பதில்:

தங்கச்சி, வணக்கம். உங்க லெட்டர்ல எனக்கு ரொம்ப பிடிச்சது அந்த மூணு வரி கணக்குதான். இருவத்திரெண்டு வருஷமா பொது சுகாதாரத்துல இருக்கேன், கேம்ப் ரிப்போர்ட்னு வந்தா எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை கண்ணாடி குடுத்தோம், யார் குத்துவிளக்கு ஏத்தினாங்கன்னு இருக்குமே தவிர வராதவங்கள பத்தி ஒரு வரி இருக்காது. உங்க நர்ஸம்மா அத எண்ணி வச்சிருக்காங்க, அவங்கள விட்டுடாதீங்க.

பெரிய கேம்ப் வேணாம்ங்கறது என் கருத்து. ஏன்னு உங்க நம்பரை வச்சே சொல்றேன். இப்போ ஊர்ல நூத்துக்கு 28 பேர், காலனில 16 பேர், இருளர் தெருவுல 7 இல்ல 8 பேர் வந்திருக்காங்க. அடுத்த வருஷம் பந்தல் பெருசா போட்டு, மைக் வச்சு, சாப்பாடும் போட்டு 400 பேர் வந்துட்டாங்கன்னு வைங்க, அதுல ஊர்க்காரங்க 342, காலனி 52, இருளர் தெரு அதே ஆறு. டோனருக்கு போற ரிப்போர்ட்ல 268 லேர்ந்து 400 ஆயிடுச்சு, சூப்பர். ஆனா ஊர்ல நூத்துக்கு 45 ஆயிடுச்சு, இருளர் தெரு அங்கயே நிக்குது, 20 பேரா இருந்த இடைவெளி 37 க்கு மேல போயிடுச்சு. யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணல, நல்ல மனசோட செலவு பண்ணிதான் இடைவெளி பெருசாச்சு. இது உங்க ஊர்ல மட்டும் நடக்கறது இல்ல. வேல்ஸ்ல சுரங்கத் தொழிலாளிங்க இருந்த கிராமத்துல வேலை பாத்த ஜூலியன் டியூடர் ஹார்ட்னு ஒரு டாக்டர் 1971 லயே இத எழுதிட்டார், எங்க நோய் அதிகமோ அங்கதான் நல்ல வைத்தியம் கம்மியா போய் சேருதுன்னு. நம்ம பக்கம் இத புரிஞ்சுக்க டாக்டரே தேவையில்ல, கடைமடையில நிலம் வச்சிருக்கறவங்கள கேட்டா சொல்லுவாங்க, வாய்க்கால்ல எவ்வளவு தண்ணி விட்டாலும் தலைமடை நிறைஞ்ச பிறகுதான் மிச்சம் வரும்னு.

அதனால உங்க பிளான் கேம்ப்லேர்ந்து ஆரம்பிக்கக் கூடாது. கேம்புக்கு வராத அந்த 74 இருளர், 260 காலனிக்காரங்க, இவங்க பேர் லிஸ்ட்லேர்ந்து ஆரம்பிக்கணும். (ஊர்லயும் 548 பேர் வரல, அதுல தனியா இருக்கற வயசானவங்க, படுக்கையில இருக்கறவங்க யாருன்னு நர்ஸம்மாவுக்கு தெரியும், அவங்களையும் சேருங்க.) இந்த லிஸ்ட்தான் உங்க திட்டம், ஒரு வருஷம் கழிச்சு இதே லிஸ்ட்ட மறுபடி எடுத்து பாக்கறதுதான் உங்க மதிப்பீடு. மத்ததெல்லாம் இதுக்கு நடுவுல வர்ற விஷயம்.

முதல் வேலை, வீடு வீடா போய் ஏன் வரலன்னு கேக்கறது. "விழிப்புணர்வு இல்ல"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடாதீங்க தங்கச்சி, அந்த வார்த்தைய கேட்டாலே எனக்கு கோவம் வரும். கேம்ப் வச்சது என்னிக்கு? அனேகமா காலைல பத்து மணிக்கு, வேலை நாள்லதான் இருக்கும். கூலி வேலைக்கு போறவங்க ஒரு நாள் கூலிய விட்டுட்டு வரணும். வச்ச இடம் ஸ்கூல், அது ஊருக்குள்ள இருக்கும்னு நினைக்கறேன், அந்த தெரு வழியா நடந்து வர்றதுக்கே தயங்கறவங்க இன்னும் இருக்காங்களான்னு நீங்களே மனச தொட்டு யோசிங்க. மைக் அறிவிப்போ வாட்ஸப் மெசேஜோ எந்த தெரு வரைக்கும் போச்சு? உங்க குழுக்கள்ல இருளர் பொண்ணுங்க எத்தனை பேர் இருக்காங்க? சில பேர் சுகர் இருக்குன்னு சொல்லிட்டா மாத்திரைக்கு மாசாமாசம் எங்க போறதுன்னு பயந்தே வந்திருக்க மாட்டாங்க, அது அறியாமை கிடையாது, அவங்க அனுபவத்துல சரியான கணக்கு அது. இன்னும் சில பேர் முன்னாடி ஒரு தடவ ஆஸ்பத்திரிக்கு போனப்போ யாரோ மூஞ்சிய சுளிச்சத மறந்திருக்க மாட்டாங்க.

இருளர் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். நாடு முழுக்க பாம்புக்கடிக்கு போடற மருந்து தயாரிக்க விஷம் வேணும்ல, செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில 1978 ல ஆரம்பிச்ச இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவு சங்கம் அந்த விஷத்த எடுத்து கம்பெனிகளுக்கு குடுக்குது. அங்கேர்ந்து ரெண்டு பேருக்கு, வடிவேல் கோபால், மாசி சடையன், 2023 ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. எத்தனையோ உயிர காப்பாத்தற மருந்துக்கு மூலப்பொருள் குடுக்கற ஜனங்க அவங்க. அவங்க தெருவுல பிபி மெஷின் போய் சேரல. உங்க டோனருக்கு ரிப்போர்ட் எழுதும்போது இதையும் எழுதுங்க.

அந்த வீட்டுக் கணக்கு எடுக்கும்போது நூறு கேள்வி வேணாம், ஒரு நோட்டுல ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம் போதும். 30 வயசுக்கு மேல யார் யாரு, பிபி இல்ல சுகர் இருக்குன்னு யாராவது சொல்லியிருக்காங்களா, கடைசியா எப்போ பாத்தாங்க, இன்னிக்கு வீட்டுல மாத்திரை இருக்கா (இருக்குன்னு சொன்னா எடுத்து காட்ட சொல்லுங்க, எண்ணி பாருங்க), கர்ப்பிணி இருக்காங்களா, பிக்மி நம்பர் (கர்ப்பத்த அரசாங்கத்துல பதிவு பண்ணா குடுக்கற நம்பர்) போட்டாச்சா, ரெண்டு வயசுக்கு கீழ குழந்தை இருக்கா, ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் அக்கவுண்ட் இருக்கா, வருஷத்துல எந்த மாசம் வீடு பூட்டியிருக்கும். இந்த கார்டு கேள்விய தேவையில்லாததுன்னு விட்டுடாதீங்க. ரேஷன் கார்டு இல்லன்னா முதலமைச்சர் காப்பீடு கிடைக்காது, பிக்மி நம்பரும் பேங்க் அக்கவுண்டும் இல்லன்னா முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல வர்ற 18,000 ரூபா மகப்பேறு உதவி கிடைக்காது. ஒரு காகிதம் இல்லாததே ஒரு குடும்பத்துக்கு நோய் மாதிரிதான், அத சரி பண்றதுக்கு டாக்டர் வேணாம், உங்கள மாதிரி தாலுக்கா ஆபீஸுக்கு நாலு தடவ அலையறதுக்கு தயாரா இருக்கற ஆள்தான் வேணும்.

தண்ணியும் பாருங்க. மேல்நிலை தொட்டிலேர்ந்து பைப்ல கடைசி தெரு எது, அங்க எத்தனை நிமிஷம் தண்ணி வருது, மழைக்காலத்துல கலங்கலா வருதா. என் அனுபவத்துல ஊரு கடைசியில இருக்கற தெருவுக்கு எல்லாமே கடைசியாதான் போகும், தண்ணி, லைட்டு, தகவல், நர்ஸ், எல்லாமே. இத நீங்க 1,50,000 ல சரி பண்ண முடியாது, ஆனா கிராம சபையில வைக்கலாம். வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கு, அடுத்து வர்றது ஜனவரி 26, அதுக்கப்புறம் மார்ச் 22. ஒரு எச்சரிக்கை, கிராம சபையில தெருவாரியா எண்ணிக்கை மட்டும் சொல்லுங்க, யாருக்கு என்ன நோய்னு பேர் வெளிய வரவே கூடாது. டிபி, கர்ப்பம் இதெல்லாம் ஒருத்தரோட சொந்த விஷயம், நோட்டு உங்க பீரோவுல பூட்டுல இருக்கட்டும். அதோட கிராம சுகாதாரக் கமிட்டிக்கு வருஷத்துக்கு 10,000 ரூபா வரும், அது எதுக்கு செலவாகுதுன்னு நர்ஸம்மாகிட்ட கேளுங்க.

இப்போ பணம். என்கிட்ட கேட்டா நான் இப்படி பிரிப்பேன். இருளர் தெருலேர்ந்து ஒரு பொண்ணு, காலனிலேர்ந்து ஒரு பொண்ணு, ரெண்டு பேருக்கும் மாசம் 3,000, வருஷத்துக்கு 72,000. இதுதான் எல்லாத்தையும் விட முக்கியமான செலவு, இதுல கை வைக்காதீங்க. அவங்க தெருவ சேர்ந்தவங்களா இருக்கணும், பத்தாவது படிக்கலன்னாலும் பரவால்ல, நம்பர் எழுத தெரிஞ்சா போதும், பிபி மெஷின் போடறத ரெண்டு நாள்ல சொல்லி குடுத்துடலாம். மாசம் 2,000 ஆட்டோ காசு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போக முடியாதவங்களுக்கு, அது 24,000. நல்ல டிஜிட்டல் பிபி மெஷின் ரெண்டு 5,000 க்குள்ள முடிஞ்சுடும். ஆரம்பத்துல ஒரு தடவ, முடிவுல ஒரு தடவ வீட்டுக் கணக்கு எடுக்க 20,000. மிச்சம் 29,000 ஐ சர்டிபிகேட் அலைச்சலுக்கும் அவசரத்துக்கும் வைங்க. கேம்புக்கு பதிலா மாசத்துக்கு ஒரு தடவ சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அந்த தெருவுலயே உக்காருங்க, பந்தல் வேணாம், ஒரு லைட்டு, ரெண்டு சேர் போதும்.

மருந்துக்கு நீங்க செலவு பண்ண வேணாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சதுலேர்ந்து பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வர்றதுக்கு ஏற்பாடு இருக்கு. உங்க ஊர் தன்னார்வலர் அந்த மூணு தெருவுலயும் போறாங்களா, எந்த வீட்டு வாசலோட நின்னுடறாங்கன்னு பாருங்க. திட்டாதீங்க, அவங்களுக்கும் வீடு ஜாஸ்தி, அவங்க கூட உங்க புது பொண்ணுங்கள சேர்த்து விடுங்க. மாத்திரை கிடைக்கற வழி உறுதியாகறதுக்கு முன்னாடி புதுசா யாருக்கும் பிபி பாக்காதீங்கன்னு கூட சொல்லுவேன். உனக்கு நோய் இருக்குன்னு சொல்லிட்டு கைய விரிச்சா அடுத்த தடவ அந்த கதவு திறக்காது.

ஊர்க்காரங்க கேப்பாங்க, ஏன் அவங்களுக்கு மட்டும்னு. அதுக்கு தயாரா இருங்க. இங்கிலாந்துல மைக்கேல் மார்மட்னு ஒரு பேராசிரியர் தலைமையில 2010 ல உடல்நல ஏற்றத்தாழ்வு பத்தி ஒரு அறிக்கை வந்துச்சு, அதுல சொன்ன வழி எனக்கு சரின்னு படுது: எல்லாருக்கும் உண்டு, தேவை கூடின இடத்துக்கு கூடுதலா உண்டு. அதாவது சாயங்கால பரிசோதனை ஊர்லயும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வைங்க, இருளர் தெருவுலயும் காலனியிலயும் மாசாமாசம் வைங்க. ஏழைங்களுக்குன்னு தனியா ஒண்ண வச்சா அது சீக்கிரமே தரம் இறங்கிடும், கேக்க ஆள் இருக்காது, இத நான் நிறைய பாத்துட்டேன்.

சரி, பலன் வந்துச்சான்னு எப்படி பாக்கறது. இதுல நானே ஒரு பெரிய தப்பு பண்ணியிருக்கேன், அத சொல்லிடறேன். பல வருஷம் முன்னாடி ஒரு வட்டாரத்துல பிபி திட்டம் நடத்தினேன், 500 பேர சேர்த்தோம். வருஷக் கடைசியில 230 பேர் தொடர்ந்து வந்தாங்க, அதுல 140 பேருக்கு பிபி 140/90 க்கு கீழ இருந்துச்சு. நூத்துக்கு 61 பேருக்கு கண்ட்ரோல்னு ரிப்போர்ட் எழுதினேன், பாராட்டும் கிடைச்சுது. என்கூட வேலை பாத்த ஒரு கிராம செவிலியர் மெதுவா கேட்டாங்க, மேடம் மிச்சம் 270 பேர் எங்கன்னு. அவங்களையும் சேர்த்து கணக்கு போட்டா நூத்துக்கு 28. விட்டுப்போன 270 பேர் பெரும்பாலும் யாருன்னு பாத்தா கூலி வேலைக்காரங்க, தனியா இருக்கற பாட்டிங்க, வெளியூர் வேலைக்கு போனவங்க. அதாவது யாருக்காக அந்த திட்டமோ அவங்கள கணக்குலேர்ந்தே எடுத்துட்டு ஜெயிச்சுட்டோம்னு எழுதியிருக்கேன். இன்னிக்கும் அந்த 270 என் மனசுல இருக்கு. அதனால உங்க கணக்குல கீழ போடற நம்பர், அதாவது மொத்த ஆளு, எப்பவும் அந்த முதல் நாள் லிஸ்ட்தான். வரலன்னாலும், மாத்திரைய நிறுத்தினாலும், வெளியூர் போனாலும் அவங்க லிஸ்ட்ல இருக்கணும்.

ரெண்டாவது, எத அளக்கறீங்கங்கறது. டோனர் சிசு மரணம் குறைஞ்சுதான்னு கேக்கலாம். உங்க இருளர் தெரு மாதிரி சின்ன தெருவுல வருஷத்துக்கு நாலஞ்சு பிரசவம் இருக்கும், ஒரு குழந்தை தவறினா விகிதம் எங்கயோ போயிடும், தவறலன்னா பூஜ்யம், அதுலேர்ந்து ஒண்ணும் சொல்ல முடியாது. ஒரு குழந்தை இறந்தாலும் உக்காந்து ஏன்னு பேசணும், அது வேற, ஆனா அத சதவீதமா ஆக்காதீங்க. உங்க அளவுக்கு பொருந்தறது இந்த மாதிரி: போன மூணு மாசத்துல பிபி பாத்தவங்க எத்தனை பேர், பிபி இருக்கறவங்கள்ல 140/90 க்கு கீழ எத்தனை பேர், கர்ப்பிணிங்கள்ல நாலு தடவ செக்கப் போனவங்க எத்தனை, ஹீமோகுளோபின் 11 க்கு கீழ இருந்தவங்களுக்கு மறுபடி டெஸ்ட் பண்ணாங்களா. ரத்தசோகைய லேசா எடுத்துக்காதீங்க, 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 15 லேர்ந்து 49 வயசு பொண்ணுங்கள்ல நூத்துக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்துச்சு, அது மாநில சராசரி, உங்க கடைசி தெருவுல எவ்வளவுன்னு சராசரி சொல்லாது.

ஒவ்வொரு நம்பரையும் மூணு தெருவுக்கும் தனித்தனியா எழுதுங்க. இடைவெளிய ரெண்டு விதமா பாருங்க, ஏன்னா ரெண்டும் வேற வேற கதை சொல்லும். உதாரணத்துக்கு பிபி கட்டுப்பாட்டுல இல்லாதவங்க ஊர்ல நூத்துக்கு 40 லேர்ந்து 20 ஆகுது, கடைசி தெருவுல 60 லேர்ந்து 36 ஆகுதுன்னா, கழிச்சு பாத்தா இடைவெளி 20 லேர்ந்து 16 ஆ குறைஞ்சிருக்கு, வகுத்து பாத்தா ஒன்றரை மடங்கா இருந்தது 1.8 மடங்கா ஏறியிருக்கு. ரெண்டையும் எழுதுங்க, நமக்கு சாதகமானத மட்டும் எழுதாதீங்க. எனக்கு இதுல கடைசி தெருவுல நூத்துக்கு 24 பேருக்கு சரியானதுதான் பெருசா தெரியும், ஆனாலும் இன்னும் வேலை இருக்குன்னு அந்த 1.8 சொல்லுது.

மூணாவது, பிபி ஒரு தடவ பாத்து முடிவு பண்ணாதீங்க. வெயில்ல நடந்து வந்தவங்களுக்கு அதிகமா காட்டும், முதல் நாள் அதிகமா இருந்தவங்கள மட்டும் எடுத்து ஒரு மாசம் கழிச்சு பாத்தா மருந்தே குடுக்கலன்னாலும் கொஞ்சம் குறைஞ்சுதான் இருக்கும், அத உங்க திட்டத்தோட வெற்றின்னு எழுதினா தப்பு. அஞ்சு நிமிஷம் உக்கார வச்சு ரெண்டு தடவ, வேற வேற நாள்ல பாருங்க. கடைசி கணக்க எடுக்கறது அந்த ரெண்டு பொண்ணுங்களா இருக்க வேணாம், வேற ஆளு எடுக்கட்டும், தான் பண்ண வேலைக்கு தானே மார்க் போடறது யாருக்கும் கஷ்டம். முடிஞ்சா பக்கத்து ஊராட்சியில இருக்கற இருளர் தெருவுலயும் அதே கேள்விய ரெண்டு தடவயும் கேளுங்க, ஏன்னா ஒரு வருஷத்துல அரசாங்கமே புதுசா ஏதாவது பண்ணி எல்லா இடத்துலயும் நல்லாயிருக்கலாம். மகாராஷ்டிராவுல கட்சிரோலியில அபய் பங், ராணி பங்னு ஒரு டாக்டர் தம்பதி அதிகம் படிக்காத கிராமத்து பொண்ணுங்களுக்கு பயிற்சி குடுத்து பச்சிளம் குழந்தைங்கள வீட்டுலயே பாத்துக்க வச்சாங்க, 39 கிராமத்துல வேலை செஞ்சு 47 கிராமத்த ஒப்பிட்டு பாத்தாங்க. 1999 ல அத வெளியிட்டப்போ ஒப்பிட்டு பாத்ததுல பச்சிளம் குழந்தை இறப்பு கிட்டத்தட்ட 62 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. அந்த 47 கிராமக் கணக்கு இல்லன்னா அத யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. உங்களுக்கு 47 வேணாம், ஒண்ணு போதும். ஆனா அங்க யாருக்காவது பிபி ரொம்ப அதிகமா இருக்கறது தெரிஞ்சா எழுதி மட்டும் வச்சுட்டு வந்துடாதீங்க, அன்னிக்கே அவங்க நர்ஸுக்கு சொல்லுங்க.

நம்பர் தவிர மூணு மாசத்துக்கு ஒரு தடவ அந்த தெரு ஜனங்ககூட உக்காந்து என்ன நடந்துச்சு, என்ன நடக்கலன்னு கேளுங்க. ஆம்பளைங்க இல்லாம பொண்ணுங்க மட்டும் ஒரு தடவ. அவங்க சொல்றது உங்க திட்டத்துக்கு எதிரா இருந்தா பாதியில மாத்துங்க, மாத்தினது ஏன்னு தேதியோட எழுதி வைங்க. டோனர்கிட்ட இப்பவே சொல்லிடுங்க, முதல் வருஷத்துல எண்ணிக்கை குறைவாதான் இருக்கும், நீங்க கேக்கற பெரிய நம்பர் வராது, கடைசி தெருவுல 6 பேர் 50 பேர் ஆனா அதுதான் பலன்னு. நல்ல மனுஷனா இருந்தா புரிஞ்சுக்குவார்.

இப்போ அவசரமான ஒண்ணு. இது கார்த்திகை. பொங்கல் முடிஞ்சதும் உங்க இருளர் தெருல பாதி வீடு செங்கல் சூளைக்கு கிளம்பிடும், திரும்பி வர ஆனி, ஆடி ஆகும். அதனால வீட்டுக் கணக்க மார்கழி முடியறதுக்குள்ள எடுத்துடுங்க, அடுத்த வருஷமும் இதே மாசத்துல எடுங்க, மாசியில போனீங்கன்னா பூட்டின வீட்டதான் எண்ணுவீங்க. யார் எந்த சூளைக்கு போறாங்க, எந்த ஊரு, போன் நம்பர், எழுதி வாங்கிக்கோங்க. பிபி, சுகர் இருக்கறவங்களுக்கு கையோட ரெண்டு மாச மாத்திரை தர முடியுமான்னு உங்க ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்கிட்ட நேர்ல போய் கேளுங்க, கர்ப்பிணி போறாங்கன்னா அந்த சூளை இருக்கற ஊர் நர்ஸுக்கு உங்க நர்ஸம்மாவே போன் பண்ணி சொல்லிடட்டும். முன்பணம் வாங்கினதால உடம்பு சரியில்லன்னாலும் ஆஸ்பத்திரிக்கு விட மாட்டேங்கறாங்கன்னு யாராவது சொன்னா அத சும்மா விடாதீங்க, அது 1976 கொத்தடிமை ஒழிப்பு சட்டத்துல வர்ற விஷயம், கோட்டாட்சியர்கிட்ட எழுத்துல குடுங்க. கணக்கு நோட்டு முடிஞ்சதும் பேர் எல்லாம் மறைச்சுட்டு முதல் பத்து பக்கத்த எனக்கு அனுப்புங்க, கேள்வி சரியா வந்திருக்கான்னு பாத்து சொல்றேன், மிச்ச வீட்டுக்கு அப்புறம் போகலாம்.